ரோய்பொஸ் பானத்தின் சமுதாய வரலாறு: தேயிலைக்கு ‘மாற்று’ என்னும் கருத்துப் பற்றிய சில குறிப்புகள்

1

தேயிலைக்கு மாற்றெனக் கூறப்படும் மூலிகைப் பானங்கள் கடந்த சில தசாப்தங்களில் உலகச் சந்தையில் கணிசமான இடத்தைப் பெற்றுள்ளன. அவற்றுள் முதன்மையான ஒன்று, தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்திலும் அதனை அடுத்துள்ள வடக்குக் கேப்பின் ஒரு பகுதியிலும் விளையும் ரோய்பொஸ் ஆகும். ஆபிரிக்கான்ஸ் மொழியில் ‘ரோய்’ என்பது சிவப்பையும் ‘பொஸ்’ என்பது புதரையும் குறிக்கும். தாவரவியலார் அஸ்பலாதஸ் லினியாரிஸ் என வழங்கும் இச்செடி அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. தேயிலையோடு தாவரவியல் உறவு எதுவும் அற்றது. இதன் ஊசி போன்ற இலைகளிலிருந்து பெறப்படும் பானத்தில் கபேன் இல்லை, தனினும் குறைவு. இவ்விரு பண்புகளுமே இன்று அதன் விளம்பரங்களில் முதலிடம் பெறுகின்றன.

ஒரு பானத்தை ‘மாற்று’ என்று அழைக்கும்பொழுது, எதற்கு மாற்று, யாருக்கு மாற்று என்னும் வினாக்கள் எழுதல் இயல்பே. எமது கிராமங்களிற் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து அவித்த குடிநீரையோ, ஆவாரம்பூவை அவித்த நீரையோ தேயிலைக்கு மாற்றாகக் கருதி எவரும் பருகத் தொடங்கவில்லை. அவை தேயிலைக்கு முந்தியவை. தேயிலை உலக வணிகப் பண்டமாகி அன்றாட வாழ்வில் இடம்பிடித்த பின்னரே, அதனைச் சாராத பானங்கள் யாவும் ‘மாற்று’ என்னும் பெயரைப் பெற்றன. எனவே அச்சொல் செடியின் இயல்பைச் சுட்டுவதிலும் பார்க்கச் சந்தையில் அதற்கு அளிக்கப்பட்ட இடத்தையே சுட்டுகின்றது எனலாம்.

நுகர்வோருக்கு மாற்றாக அமையும் ஒரு பண்டம், அதனை விளைவிப்போருக்கும் மாற்றான வாழ்வைத் தந்துள்ளதா என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினாவாகும். இவ்வினாவை ஆராய்வதற்கு ரோய்பொஸின் வரலாறு பெரிதும் ஏற்றது. காட்டுச் செடியாக இருந்த ஒன்று, பயிராகவும் பண்டமாகவும் சட்டத்தாற் காக்கப்படும் பெயராகவும் மாறிய நிகழ்ச்சிகள் யாவும் ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளுள் நடந்தேறியுள்ளமையே அதற்குக் காரணம்.

2

கேப் டவுனுக்கு வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரத்தில் அமைந்துள்ள செடர்பேர்க் மலைத்தொடரும் அதன் சுற்றுப்புறமுமே ரோய்பொஸின் தாயகமாகும். மணற்பாங்கான, வளங்குன்றிய, அமிலத்தன்மை பொருந்திய மண், மாரியிற் பெய்யும் மழை, கடுங்கோடை. இச்சூழலுக்கு வெளியே இச்செடியைப் பெருமளவிற் பயிரிடும் முயற்சிகள் வெற்றி பெறவில்லை. இம்மலைகளிலுள்ள பாறை ஓவியங்கள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கு மனிதர் வாழ்ந்து வந்தமைக்குச் சான்று பகர்கின்றன. வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த சான் மக்களும், மந்தை மேய்த்த கொய் மக்களுமே இப்பிரதேசத்தின் ஆதிக் குடிகளாவர்.

1652ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கேப்பில் தளம் அமைத்தது. அடுத்த சில ஆண்டுகளுள் அதே கம்பனி இலங்கையின் கரையோரத்தையும் தன்வசப்படுத்தியது. 1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்தது. வங்காளம், சோழமண்டலக் கரை, மலபார், இலங்கை ஆகிய இடங்களிலிருந்து அடிமைகள் கேப்புக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இவ்வடிமைகளும் கொய் மக்களும் ஐரோப்பியக் குடியேறிகளும் தம்முட் பேசிய ஒல்லாந்தப் பேச்சிலிருந்தே ஆபிரிக்கான்ஸ் மொழி உருவாயிற்று. ‘ரோய்பொஸ்’ என்னும் சொல்லுக்குப் பின்னாலும் இவ்வரலாறு உண்டு. குடியேறிகளின் பண்ணைகள் வடக்கு நோக்கி விரிந்தபோது கொய் மக்கள் மேய்ச்சல் நிலத்தையும் நீர்நிலைகளையும் இழந்தனர். 1713ஆம் ஆண்டுப் பெரியம்மை அவர்களைப் பெருந்தொகையில் அழித்தது. 1774இல் திரட்டப்பட்ட ஆயுதப்படை சான் மக்களை வேட்டையாடியது. எஞ்சியோர் பண்ணைக் கூலிகளாயினர். காலப்போக்கில் தம் மொழிகளையும் இழந்தனர்.

இங்கு சான்றுகள் பற்றிய ஒரு சிக்கல் எழுகின்றது. லின்னேயசின் மாணாக்கரான சுவீடன் நாட்டுத் தாவரவியலார் கார்ல் துன்பேர்க் 1772ஆம் ஆண்டு கேப்புக்கு வந்தார். (இவரே 1777இல் இலங்கைக்கும் வந்து செடிகளைச் சேகரித்தவர்.) நாட்டுப்புறத்தார் ஒரு செடியின் இலையிலிருந்து தேநீர் தயாரித்தனர் என அவர் எழுதிய குறிப்பு ரோய்பொஸின் முதலாவது எழுத்துச் சான்றெனப் பலராலும் மேற்கோள் காட்டப்படுவதுண்டு. ஆயின் அவர் சுட்டிய செடி போர்போனியா கோர்டாற்றா. அது ரோய்பொஸின் இனச்செடியேயன்றி ரோய்பொஸ் அன்று. இவ்வுண்மையைக் கொண்டு, பூர்வகுடிகளுக்கு இச்செடியைப் பற்றிய அறிவு இருந்ததில்லை என்று முடிவு கட்டுவோரும் உளர்.

இம்முடிவு ஏற்கத்தக்கதன்று. எழுத்துச் சான்று இல்லாமை அறிவு இல்லாமைக்குச் சான்றாகாது என்பதைத் தமிழாய்வாளருக்கு விளக்க வேண்டியதில்லை. வாய்மொழி மரபின் இயல்பைப் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் வீரயுகப் பாடல்களை முன்வைத்து நிறுவியுள்ளார். கேப்பில் எழுதியவர் யார், எவர் எழுதப்பட்டார் என்பதையும் நோக்குதல் வேண்டும். வடகேப்பின் உட்பிரதேசத்தைச் சேர்ந்த ஹாம் மக்களின் கதைகளையும் வழக்காறுகளையும் பன்னீராயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட குறிப்பேடுகளில் வில்ஹெல்ம் பிளீக், லூசி லொயிட் ஆகிய இருவரும் 1870ஆம் ஆண்டினை அடுத்த காலப்பகுதியிற் பதிவு செய்தனர். அவற்றை அவர்களுக்குச் சொன்னோருட் பலர் கேப் டவுன் சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட கைதிகளாவர். கைதியான பின்னரே ஒருவனுடைய சொல் ஏட்டில் ஏறியது. இத்தகைய சமுதாயத்தில், மலைச்சரிவிற் செடியை வெட்டிக் குடிநீர் காய்ச்சிய ஒருவரைப் பற்றிய எழுத்துப் பதிவை எதிர்பார்ப்பது பொருந்துமா?

3

ரோய்பொஸ் சந்தைப் பண்டமாக மாறியமை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. தேயிலை வணிகத்தோடு தொடர்புடைய குடும்பத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கின்ஸ்பேர்க் என்னும் ருசிய யூதர், 1904ஆம் ஆண்டளவில் கிளான்வில்லியம் பகுதியில், மலைவாழ் மக்கள் சேகரித்துப் பதப்படுத்திய இலையைக் கொள்முதல் செய்து விற்கத் தொடங்கினார். அக்காலத்தில் இலை முற்றிலும் காட்டிலிருந்தே கிடைத்தது. கோடையில் இளங்கிளைகளை அரிவாளால் அறுத்துக் கட்டுகளாகக் கழுதைகளில் ஏற்றிக் கொணர்வர். கோடரியாற் சிறு துண்டுகளாக வெட்டுவர். மரச்சம்மட்டியால் அடித்து நசுக்குவர். நீர் தெளித்துக் குவித்து வைப்பர். குவியலினுள் வெப்பம் ஏறப் பச்சை இலை செந்நிறமும் இனிய மணமும் பெறும். பின்னர் வெயிலிற் பரப்பி உலர்த்துவர். இயந்திரங்கள் புகுந்த பின்னரும் இம்முறையின் படிகள் மாறவில்லை. மலைமக்களின் கைத்திறனே பின்வந்த ஆலைகளுக்கும் அடிப்படை என்பது மனங்கொள்ளத்தக்கது.

காட்டிலிருந்து பெறும் இலைக்கு ஓர் எல்லை உண்டு. சந்தை விரிவடைய வேண்டுமாயிற் செடி பயிராதல் வேண்டும். அதற்குத் தடையாயிருந்தது விதை. ரோய்பொஸின் காய் முற்றியவுடன் வெடித்துத் தன் சிறு விதையை மணலிற் சிதறிவிடும். அதனைப் பொறுக்கி எடுப்பது அரிது. விதையின் தோலும் தடித்தது, இலகுவில் முளைக்காது. கிளான்வில்லியத்தில் வைத்தியராகப் பணியாற்றிய பீற்றர் லெ பிராஸ் நோர்ட்டியர் 1930ஆம் ஆண்டளவில் இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டார். விதைகளைத் திரிகைக் கற்களுக்கிடையே இட்டு அவற்றின் தோலைச் சிராய்த்தபோது அவை முளைத்தன. ஓலொவ் பேர்க் முதலிய பண்ணையாளர் அவரோடு சேர்ந்து இதனைத் தோட்டப்பயிராக்கினர்.

சோதனைக்கு வேண்டிய விதை எங்கிருந்து வந்தது? தீப்பெட்டி ஒன்று நிறைய விதைக்கு 5 பவுண் தருவதாக நோர்ட்டியர் ஊராருக்கு அறிவித்திருந்தார் என வரலாறு கூறுவோர் எழுதியுள்ளனர். முதிய கொய் பெண் ஒருத்தி, எறும்புகள் அவ்விதைகளை இழுத்துச் செல்வதைக் கண்டு, அவற்றின் வழியே சென்று புற்றை உடைத்துப் பார்த்தபோது உள்ளே விதைக் களஞ்சியமே இருந்ததாம். கேப்பின் இப்புதர்க்காட்டிற் பல செடிகளின் விதைகளை எறும்புகளே மண்ணுக்குள் கொண்டு செல்கின்றன என்னும் தாவரவியல் உண்மையோடு இச்செய்தி முற்றிலும் இசைகின்றது. பின்னர் விதையின் விலை இறாத்தல் ஒன்றுக்கு 80 பவுண் வரை உயர்ந்தது என்பர்.

நோர்ட்டியருக்கு 1948இல் ஸ்ரெலன்பொஸ் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் வழங்கியது. இன்று பரவலாகப் பயிரிடப்படும் செடிவகையும் ‘நோர்ட்டியர் வகை’ என்றே அழைக்கப்படுகின்றது. அவருடைய பங்களிப்பைக் குறைத்து மதிப்பிடுதல் எமது நோக்கமன்று. விதையை முளைக்கச் செய்தவர் அவரே. ஆயின் எறும்பின் வழியைத் தொடர்ந்தவளோ, வழமையாகச் சொல்லப்படும் வரலாறுகளிற் பெரும்பாலும் ‘ஒரு முதிய கொய் பெண்’ என்ற அளவிலேயே நின்றுவிடுகிறாள். ஒருவருடைய அறிவு ‘கண்டுபிடிப்பு’ என்றும், மற்றவருடைய அறிவு ‘தற்செயல்’ என்றும் பதிவாகின்றது. மண்ணையும் செடியையும் எறும்பையும் நன்கு அறிந்த ஒருத்திக்கே அத்தகைய தற்செயல் வாய்க்கும் என்பது அவ்வரலாறுகளிற் கருதப்படுவதில்லை.

இலங்கைத் தேயிலையோடு ஒப்புநோக்குவது இங்கு பயன்தரும். 1867இல் லூல்கந்தரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதோடு தொடங்கிய தோட்டத்துறைக்குச் செடியும் வெளியிலிருந்து வந்தது. மூலதனமும் வெளியிலிருந்து வந்தது. தொழிலாளரும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டனர். ரோய்பொஸிலோ செடி, அறிவு, உழைப்பு ஆகிய மூன்றும் அம்மண்ணுக்கே உரியன. அவற்றின்மீதான உடைமை மாத்திரமே கைமாறியது. மாறுபட்ட தொடக்கங்களைக் கொண்ட இவ்விரு வரலாறுகளும் ஒத்த முடிவை அடைந்தமையே எமது ஆய்வுக்குரியது.

4

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆசியத் தேயிலையின் வரத்துக் குறைந்தபோது ரோய்பொஸின் தேவை உயர்ந்தது. அது ‘மாற்று’ என்னும் நிலையைப் பெருமளவிற் பெற்றது அப்பொழுதேயாகும். போர் முடிந்து தேயிலை மீண்டும் வந்ததும் விலை வீழ்ச்சியுற்றது. இந்நெருக்கடியின் விளைவாக 1948இல் கிளான்வில்லியத்திற் பண்ணையாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 1954இல் ரோய்பொஸ் தேநீர்க் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டு, கொள்முதலும் விற்பனையும் ஒரே வழிக்குள் கொண்டுவரப்பட்டன. 1993 வரை இவ்வேற்பாடு நீடித்தது. பின்னர் அச்சபை ஒரு தனியார் கம்பனியாக மாற்றம் பெற்றது.

1948ஆம் ஆண்டிலேயே தேசியக் கட்சி தென்னாபிரிக்காவில் ஆட்சிக்கு வந்தது. 1950ஆம் ஆண்டின் குடித்தொகைப் பதிவுச் சட்டம் மக்களை இனவாரியாக வகுத்தபோது, கொய், சான் மக்களின் வழித்தோன்றல்கள் பெரும்பாலும் ‘கலப்பினத்தார்’ என்னும் வகுப்பினுள் அடக்கப்பட்டனர். இதனால் அவர்கள் நிலத்தின் பூர்வகுடிகள் என்னும் உரிமைக்குரிய பெயரையும் சட்டத்தில் இழந்தனர். அரசின் கடனுதவி, விலை ஆதரவு, ஆராய்ச்சி ஆகியன வெள்ளைப் பண்ணையாளரை நோக்கமாகக் கொண்டே அமைந்தன. நிலம் அற்றோர் அப்பண்ணைகளில் அறுவடைக் கூலிகளாயினர். அல்லது விளைச்சலிற் பங்கு கொடுத்து வாரக்குடிகளாயினர்.

வுப்பர்தால் என்னும் ஊரின் நிலையும் இங்கு குறிப்பிடத்தக்கது. 1830இல் ஜேர்மனிய ரைன்லாந்து மிசனரிமார் செடர்பேர்க் மலையிடை நிறுவிய இக்குடியிருப்பு, 1965இல் மொறேவியன் திருச்சபையின் பொறுப்பில் வந்தது. அங்கு வாழ்வோர் தலைமுறை தலைமுறையாக ரோய்பொஸ் பயிரிட்டும் சேகரித்தும் வருகின்றனர். நிலமோ திருச்சபைக்கு உரியது. அவ்வூரை நிறுவிய மிசனரிமாருள் ஒருவரான யொஹான் லைப்போல்ற் என்பவரின் பேரனே ஆபிரிக்கான்ஸ் இலக்கியத்தின் முதன்மைக் கவிஞருள் ஒருவரான லூயிஸ் லைப்போல்ற் (1880–1947). கிளான்வில்லியத்தில் வளர்ந்த அவருடைய சமாதி அம்மலைக் கணவாயில் இன்று பயணிகள் காணும் இடமாயுள்ளது. மலையை உழுது வாழ்ந்தோருக்கு அம்மலையில் ஒரு துண்டு நிலமேனும் உறுதியாக எழுதிக் கிடைத்திலது.

இதே 1948ஆம் ஆண்டு இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு நாட்டில் தேயிலையை விளைவித்தவர் குடியுரிமை இழந்தனர். இன்னொரு நாட்டில் அதற்கு மாற்றானதை விளைவித்தவர் இனவாரிச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டனர். இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனினும், உழைப்பு மலிவாகக் கிடைக்க வேண்டுமாயின் உழைப்பவன் உரிமையற்றவனாயிருத்தல் வேண்டும் என்னும் நியதி இரண்டிலும் தொழிற்படுகின்றது.

5

கிராமத்தாரும் எளியோரும் பருகிய இப்பானம் ஆரோக்கியப் பானமாக உயர்த்தப்பட்டமை அடுத்த கட்டமாகும். 1968இல் அனெக்கி தெரோன் என்னும் தென்னாபிரிக்கப் பெண்மணி, தம் குழந்தையின் ஓயாத அழுகையை இப்பானம் தணித்ததாகக் கண்டு, 1970இல் இதுபற்றி நூலொன்றை வெளியிட்டார். பின்னர் அஸ்பலாதின் முதலிய வேதியற் கூறுகள் பற்றிய ஆய்வுகள் பெருகின. ஜேர்மனி, யப்பான் முதலிய நாடுகளின் நுகர்வோர் இதனை விரும்பி வாங்கலாயினர். செடியின் பயன்மதிப்பு மாறவில்லை. பரிவர்த்தனை மதிப்போ பன்மடங்காயிற்று.

மதிப்பு உயர்ந்ததும் உடைமை பற்றிய வழக்குகள் தோன்றின. 1994இல் ‘ரோய்பொஸ்’ என்னும் சொல்லே ஐக்கிய அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனத்தின் வணிகக் குறியாகப் பதியப்பட்டது. நீண்ட பிணக்கின் பின் 2005இல் அது கைவிடப்பட்டது. 2013இல் பிரான்சிலும் இத்தகைய முயற்சி நடைபெற்றது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இப்பெயரைப் பிரதேசத்துக்குரிய காப்புப் பெயராக ஏற்றது. அவ்வங்கீகாரத்தைப் பெற்ற முதலாவது ஆபிரிக்க உணவுப் பொருள் இதுவே. பிறநாட்டு வணிகரிடமிருந்து பெயரைக் காத்தமை வரவேற்கத்தக்கது. எனினும் பெயர் காக்கப்பட்டதன் பயன், அப்பிரதேசத்தில் நிலம் உடையோருக்கே முதலிற் சேரும் என்பதும் வெளிப்படை.

பூர்வகுடிகளின் கோரிக்கை இப்பின்னணியிலேயே எழுந்தது. தென்னாபிரிக்காவின் 2004ஆம் ஆண்டு உயிர்ப்பல்வகைமைச் சட்டமும், 2010ஆம் ஆண்டின் நகோயா உடன்படிக்கையும் மரபறிவின் பயனில் அவ்வறிவுக்குரியோருக்குப் பங்குண்டு என்பதை ஏற்றன. 2010இல் சான் மக்களின் பேரவை ரோய்பொஸ் தொடர்பாகத் தன் கோரிக்கையை முன்வைத்தது. பின்னர் கொய் மக்களின் பேரவையும் இணைந்தது. தொழிற்றுறையினர் எழுத்துச் சான்றின் போதாமையைக் காட்டி எதிர்வாதம் செய்தனர். 2014இல் முடிவுற்ற அரசாங்க ஆய்வோ, பூர்வகுடிகளின் உரிமையை மறுப்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்று கூறியது. நிரூபிக்கும் சுமை இவ்வாறு இடம்மாறியமை, வரலாற்று ஆய்வுமுறை என்ற வகையிலும் முக்கியமானது. ஒன்பது ஆண்டுகள் பேச்சு நடந்தபின், 2019இல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இதன்படி, பண்ணை வாசலில் இலைக்குக் கொடுக்கப்படும் விலையின் 1.5 சதவீதத்துக்குச் சமமான தொகையைப் பதனிடுவோர் செலுத்துதல் வேண்டும். அதனைக் கொய், சான் மக்களின் நிதியங்கள் இரண்டும் பகிர்ந்துகொள்ளும். 2022இல் முதன்முறையாக ஏறத்தாழ 12.2 மில்லியன் ராண்ட் வழங்கப்பட்டது.

6

இவ்வொப்பந்தத்தை எவ்வாறு மதிப்பிடுவது? ஒரு தொழிற்றுறை முழுவதும் பூர்வகுடிகளின் அறிவுக்குக் கடன்பட்டிருப்பதை எழுத்தில் ஏற்றுக்கொண்டமை சிறிய செயலன்று. எழுத்தால் மறைக்கப்பட்டோர் எழுத்தின் வழியே தம் உரிமையை நிலைநாட்டியுள்ளனர். இதனை வெறும் கண்துடைப்பு என ஒதுக்குவது வறட்டுவாதமாகும்.

ஆயின் அதன் எல்லையையும் காணுதல் வேண்டும். கணக்கு பண்ணை வாசல் விலையிலேயே நிற்கின்றது. அவ்வாசலுக்கு அப்பால், பொதியிடப்பட்டு, பெயரிடப்பட்டு, ஐரோப்பிய அங்காடிகளில் விற்கப்படும்பொழுது சேரும் மதிப்பு அக்கணக்கில் வருவதில்லை. ஏற்றுமதியாகும் இலையின் பெரும்பகுதி மொத்தப் பொதியாகவே செல்வதை நோக்கின் இவ்வெல்லையின் பொருள் விளங்கும். மேலும், ஒப்பந்தம் அறிவுக்கு விலை தருகின்றதே தவிர நிலத்தின் பங்கீட்டைத் தொடுவதில்லை. 1994இன் பின்னரும் பெரும் பண்ணைகள் பழைய உரிமையாளரிடமே உள்ளன. சிறு விவசாயிகளின் பங்கு இன்றும் மிகச் சிறிதே. நிலத்தைப் பறித்தபின் அறிவுக்கு வாடகை கொடுப்பது நீதியின் தொடக்கமாகலாம். அதனை முடிவாகக் கொள்ள முடியாது.

வேறொரு முயற்சியும் நடைபெறுகின்றது. வடக்குக் கேப்பின் தென் பொக்கவெல்ட் பகுதியில் வறிய விவசாயிகள் 2001ஆம் ஆண்டளவில் ஹெய்வெல்ட் என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தம் இலையைத் தாமே பதப்படுத்தி நேரடியாக ஏற்றுமதி செய்யத் தொடங்கினர். பயிர்ச்செடி சில ஆண்டுகளிற் பட்டுப்போக, நெருப்பிலும் வரட்சியிலும் தப்பி அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் காட்டு வகைகளை எவ்வாறு அளவோடு அறுப்பது என்னும் அறிவு அவர்களிடம் உண்டு. மழை குறைந்துவரும் காலத்தில் இவ்வறிவின் பெறுமதி மேலும் உயர்கின்றது. இங்கு அறிந்தவரும் உழைப்பவரும் விற்பவரும் ஒருவரே. அளவிற் சிறிதெனினும், ‘மாற்று’ என்னும் சொல்லுக்கு உண்மையான பொருள் தரும் முயற்சி இதுவே எனலாம்.

தேயிலைக்கு மாற்றாகச் செம்புதர் நீரைப் பருகுவோர் தம் உடல்நலம் கருதி அதனைத் தேர்ந்துகொள்வது அவரவர் விருப்பம். ஆனால் கோப்பையிலுள்ள இலையை மாற்றிவிடுவதால் அவ்விலையைப் பறித்த கையின் நிலை மாறிவிடுவதில்லை என்பதை ரோய்பொஸின் வரலாறு காட்டுகின்றது. இருநூறு ஆண்டு உழைப்பின் பின்னும் வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதி கேட்டு நிற்கும் மலையக மக்களின் நாட்டில் வாழும் நாம், செடர்பேர்க் மலைமக்களின் கோரிக்கையை அயலார் செய்தியாகக் கருதுதல் இயலாது. அவர்களது ஒப்பந்தத்தின் வெற்றியும் குறையும் எமது சமுதாய ஆய்வாளரின் கவனத்துக்கு உரியன. எறும்பின் வழியே சென்ற அம்முதியவளின் அறிவு பயன்பட்டுவிட்டது. அவளுடைய மக்களுக்கு அந்நிலத்தில் உள்ள உரிமை இனிமேற்றான் நிலைநாட்டப்படல் வேண்டும்.